லாச்சப்பல் கடைக்கு ஏ.ஐ. பெயர் வைத்தால்...

பாரிஸின் லாச்சப்பல் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ஃபோபூர் சான் தெனி தெருவில் தெற்கு நோக்கி நடந்து பாருங்கள். அந்தத் தெருவிலும் அதில் வந்து சேரும் கய் தெருவிலும் தொங்கும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும்: சாமி பெயர், ஊர்ப் பெயர், முதலாளியின் முதலெழுத்துகள், பவன், விலாஸ், கேஷ் அண்ட் கேரி. இதைக் கற்பனைப் பஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. 1983க்குப் பிறகு இலங்கைப் போருக்குத் தப்பி இங்கே வந்து சேர்ந்தவர்களில் பலருக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. பலகையில் பிள்ளையார் பெயரைப் பார்த்தால் போதும். உள்ளே தமிழில் பேசலாம், யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் வாங்கலாம், வாடகைக்கு அறை கிடைக்குமா என்றும் விசாரிக்கலாம் என்பது புரிந்துவிடும்.

ஒரு பிராண்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. 'இது என்ன கடை' என்று சொல்வது முதல் வேலை. 'இது எந்தக் கடை' என்று நினைவில் நிறுத்துவது இரண்டாவது வேலை. முதல் வேலையை மட்டும் செய்துகொண்டே பெரும்புகழ் பெற்ற பெயர் முனியாண்டி விலாஸ். 1930களில் மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியைச் சேர்ந்த சுப்பா நாயுடு காரைக்குடியில் தொடங்கிய அசைவ ஓட்டலின் பெயரை, அவ்வூரைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் எடுத்தாண்டார்கள். லாச்சப்பலிலும் அந்தப் பெயரில் உணவகம் உண்டு. பலகையைப் பார்த்ததும் கறிச்சோறு என்று தெரிகிறது. இந்த முனியாண்டிக்கும் அடுத்த ஊர் முனியாண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழம்பை ருசித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்று லாச்சப்பலில் கடை திறப்பவருக்கு இரண்டாவது வேலைதான் பெரிய தலைவலி. பக்கத்திலேயே ஐந்தாறு தமிழ்க் கடைகள். எதிரில் கார் து நோர் ரயில் நிலையம். வாடிக்கையாளர்களில் பிரெஞ்சு மாணவர்களும் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. விளம்பர நிறுவனத்துக்குக் கொடுக்கக் காசில்லை, கைப்பேசியில் சாட்பாட் இலவசமாக இருக்கிறது. அதனிடம் கேட்டால் என்ன?

பழகிய பாதையில் ஓடும் எந்திரம்

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். இடியப்பம், பிட்டு, சம்பல் விற்கும் சிறு கடை. முதலாளி, பலகை அச்சடிக்கும் இளைஞரிடம் சொல்கிறார்: "தம்பி, உந்த ஏ.ஐ.யிட்டையே ஒரு நல்ல பேர் கேளும் பாப்பம்." இளைஞர் கேட்கிறார். நொடியில் பத்துப் பெயர்கள் வந்து விழுகின்றன: யாழ் சுவை, அம்மாவின் அடுக்களை, தமிழ் மணம், ஸ்பைஸ் கார்னர், டேஸ்ட் ஆஃப் ஜாஃப்னா... கூடவே ஒரு விளம்பர வாசகம்: 'பாரம்பரியச் சுவை, பாரிஸின் இதயத்தில்.' முதலாளி உதட்டைப் பிதுக்குகிறார். "என்ன தம்பி, எல்லாம் எங்கையோ கேட்ட பேராக் கிடக்கு?" "அண்ணை, அது கேட்டதைத்தானே சொல்லும்!"

அறிவியல்படி பார்த்தாலும் தம்பி சொன்னது சரி. சாட்பாட்டுக்கு உள்ளே இருக்கும் மொழி மாதிரி, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வரும் என்று கணிக்கப் பயின்றது. ஒவ்வொரு முறையும் அடுத்து வரக்கூடிய துண்டுகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு, அதிக மதிப்பெண் பெற்றவற்றிலிருந்து ஒன்றை எடுக்கிறது. 'தமிழ் உணவகம்', 'பெயர்' என்ற சொற்களுக்கு அருகே உலகம் அதிகம் எழுதியவை 'சுவை', 'மசாலா', 'அம்மா', 'பாரம்பரியம்' ஆகியவைதான். அவையே மேலே வருகின்றன. 'டெம்பரேச்சர்' என்றொரு அளவைக் கூட்டினால், மதிப்பெண் குறைந்த துண்டுகளுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். பெயர்கள் விசித்திரமாகும். ஆனால் அந்தக் கடைக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் 2024இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. ஏறத்தாழ 300 பேரைக் குட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் ஏ.ஐ. தந்த யோசனைகள் கிடைத்தன. தனித்தனியாகப் படித்தால் அவர்களுடைய கதைகள் கூடுதல் மதிப்பெண் பெற்றன. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதோ அவை ஒன்றையொன்று ஒத்திருந்தன. கதைக்கு இது சின்னக் குறை. தனித்துத் தெரிவதற்காகவே வைக்கும் கடைப் பெயருக்கோ இது அடிமடியிலேயே கைவைப்பது.

தமிழுக்குக் கிடைத்த பங்கு

மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் அளவைப் பாரிஸுக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். தெற்குப் புறநகரான ஓர்சேயில் உள்ள ழான் ஸே மீக்கணினியில் 2022 மார்ச் முதல் ஜூலை வரை 'ப்ளூம்' என்ற மொழி மாதிரி பயிற்றுவிக்கப்பட்டது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கி, எல்லோருக்கும் திறந்துவிட்ட மாதிரி அது. அதன் 46 மனித மொழிகளில் தமிழும் ஒன்று. பயிற்சித் தரவில் ஆங்கிலத்தின் பங்கு சுமார் 30 விழுக்காடு, பிரெஞ்சின் பங்கு சுமார் 13 விழுக்காடு, தமிழின் பங்கு 0.2 விழுக்காடு.

படித்தது குறைவு என்பதோடு, படிக்கும் முறையும் தமிழுக்குப் பாதகமாக இருந்தது. மாதிரிகள் எழுத்தை 'டோக்கன்' எனப்படும் துண்டுகளாக நறுக்கித்தான் வாசிக்கும். அடிக்கடி வரும் எழுத்துக்கூட்டங்கள் ஒரே துண்டாகும், அரிதானவை பொடிப்பொடியாகும். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது, ஒரே அறிமுக வாசகத்தைப் பல மொழிகளில் நறுக்கிக் காட்டியது. பழைய முறையில் பிரெஞ்சுக்கு 31 டோக்கன், தமிழுக்கு 116. புதிய முறையில் பிரெஞ்சுக்கு 28, தமிழுக்கு 35. இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. பாரிஸில் 2023இல் தொடங்கிய மிஸ்ட்ரால் நிறுவனமும் 2025 பிப்ரவரியில் 'சபா' என்ற மாதிரியை வெளியிட்டு, தென்னிந்திய மொழிகளில், குறிப்பாகத் தமிழில், அது வல்லது என்று அறிவித்தது.

ஆக, சாட்பாட்டின் தமிழ் ஆண்டுக்கு ஆண்டு திருந்தி வருகிறது. ஆனால் இலக்கணம் திருந்துவதும் தெருவை அறிவதும் ஒன்றல்ல. ஆகஸ்ட் இறுதியை ஒட்டி மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் இந்தத் தெருக்களில் வரும், சாலையில் தேங்காய்கள் மலையாகக் குவித்து உடைக்கப்படும் என்பது அதற்குத் தெரியும். ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறதே. பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் எத்தனையோ தமிழர்கள் வேலை செய்கிறார்கள், மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே அவர்களுக்குக் கிடைக்கும் பிற்பகல் இடைவேளைதான் தேத்தண்ணிக்கும் வடைக்கும் நல்ல வியாபார நேரம் என்பதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை புறநகரான லா கூர்நவ்விலிருந்து ரயிலில் வரும் குடும்பம், திரும்பும்போது தூக்கிச் செல்லக்கூடிய எடைக்குத்தான் அரிசி வாங்கும் என்பதை? 'மதிய உணவுக்குச் சலுகை கொடுங்கள்' என்று எந்திரம் சொல்லும். முதலாளிக்குத்தான் தெரியும், சலுகை தேவைப்படுவது மூன்று மணிக்கு என்று.

காதில்லாத ஆலோசகர்

கடைப் பெயரைக் கண்ணால் படிப்பதைவிட வாயால் சொல்வதுதான் அதிகம். ஒலிக்கும் உருவத்துக்கும் தொடர்புண்டு என்பதை வுல்ஃப்காங் கோலர் 1929இலேயே சுட்டிக்காட்டினார். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் அதைப் புது வடிவில் சோதித்தார்கள். வழவழப்பான வளைவுகள் கொண்ட ஓர் உருவம், கூர்முனைகள் கொண்ட ஓர் உருவம். இவற்றில் எது 'பூபா', எது 'கிகி'? அமெரிக்க மாணவர்களிடமும் தமிழ் பேசுவோரிடமும் கேட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே வளைந்ததைப் பூபா என்றும் கூர்மையானதைக் கிகி என்றும் சொன்னார்கள். 2004இல் எரிக் யார்க்ஸ்டன், கீதா மேனன் இருவரும் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ஐஸ்கிரீமுக்கு 'ஃப்ராஷ்' என்று பெயரிட்டபோது, 'ஃப்ரிஷ்' என்று பெயரிட்டதைவிட அது வழவழப்பாக இருக்கும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள்.

எழுத்தில் மட்டும் பயின்ற மொழி மாதிரி ஒலியைக் கேட்டதில்லை. ஒலியைப் பற்றி மற்றவர் எழுதியதைப் படித்திருக்கிறது. பாரிஸில் இது உடனே உதைக்கும். ரோமன் எழுத்து 'யூ'வை ஆங்கிலேயர் போலப் பிரெஞ்சுக்காரர் 'உ' என்று வாசிக்க மாட்டார். உதட்டைக் குவித்து 'இ' சொன்னால் வருமே, அந்த ஒலியில் வாசிப்பார். 'உ' வேண்டுமென்றால் 'ஓ', 'யூ' இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால்தான் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்காரரின் கடவுச்சீட்டில் முருகன் ஒருவிதமாகவும், ஆங்கிலேயர் ஆண்ட யாழ்ப்பாணத்துக்காரரின் ஆவணத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கிறான். சாட்பாட் பெரும்பாலும் ஆங்கில வழக்கைத்தான் நீட்டும். பலகை அச்சாகும் முன் பெயரைத் தாளில் எழுதி, தெருவில் போகும் நாலு பிரெஞ்சுக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது செலவில்லாத சோதனை.

ஆமாம் சாமி

பெயரை முதலாளியே கண்டுபிடித்து, 'நல்லா இருக்கா?' என்று எந்திரத்திடம் கேட்டால்? 'அருமை' என்ற பதில் வரவே வாய்ப்பு அதிகம். சாட்பாட்டைப் பழக்கும் கடைசிக் கட்டத்தில் மனிதர்கள் அதன் பதில்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். தம்மோடு உடன்படும் பதிலுக்கு மனிதர்கள் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிடுகிறார்கள். எந்திரமும் கற்றுக்கொள்கிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒரு மேம்படுத்தல், அபத்தமான வியாபார யோசனைகளைக்கூடப் புகழ்ந்து தள்ளியதால், சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

ஏ.ஐ. ஆலோசனையின் விளைவு கல்லாவில் எப்படித் தெரியும்? ஹார்வர்ட், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கென்யாவில் 640 சிறு வியாபாரிகளைக் கொண்டு சோதித்தார்கள். ஒரு பாதியினருக்கு வாட்ஸப் வழியே ஜிபிடி-4 ஆலோசகர் கிடைத்தது. சராசரியாகப் பார்த்தால் பலனே இல்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஏற்கெனவே நன்றாக நடத்தியவர்களின் வியாபாரம் 15 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக உயர்ந்தது. தடுமாறிக்கொண்டிருந்தவர்களின் வியாபாரம் ஏறத்தாழ 8 விழுக்காடு சரிந்தது. வந்த யோசனைகளில் தன் கடைக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்தறியத் தொழிலறிவு வேண்டியிருந்தது. அந்த அறிவு உள்ளவருக்கே எந்திரம் கை கொடுத்தது.

எதைக் கேட்கலாம்?

சாட்பாட் முதல் வேலையில் கெட்டி. 'இது என்ன கடை' என்று பிரெஞ்சில் தெளிவாகச் சொல்ல அது நல்ல துணை. 1994 ஆகஸ்ட் 4ஆம் தேதியிட்ட தூபோன் சட்டப்படி, விற்கும் பொருளின் விவரமும் விளம்பரமும் பிரெஞ்சில் இருக்க வேண்டும். பக்கத்தில் தமிழும் இருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த அயல்நாட்டுத் தின்பண்டத்தின் பெயருக்கு விலக்கு உண்டு. பீட்சாவுக்கு விளக்கம் வேண்டாம், இடியப்பத்துக்கு வேண்டும். 'அரிசி மாவைப் பிழிந்து ஆவியில் அவித்தது' என்பதை நல்ல பிரெஞ்சில் எழுதித் தரும் வேலையை எந்திரம் நொடியில் முடிக்கும். ஐரோப்பிய விதிகள் குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் உங்கள் பலகாரப் பட்டியலில் எவை வரலாம் என்று முதல் வரைவும் போட்டுத் தரும். சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.

'இந்தப் பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா' என்று மட்டும் அதை நம்பிக் கேட்காதீர்கள். பதிவேட்டைத் திறந்து பார்க்காமலேயே 'இல்லை' என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பேர்வழி அது. பிரான்ஸின் தொழிற்சொத்துரிமை நிறுவனமான இன்பியின் இணையப் பதிவேட்டில் நீங்களே இலவசமாகத் தேடலாம். உலகெங்கும் வழங்கும் 45 வணிகக்குறி வகுப்புகளில் உணவகம் 43ஆவது, மசாலா 30ஆவது. ஒருமுறை பதிந்தால் 10 ஆண்டு உரிமை, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். சரக்கை வெறுமனே விவரிக்கும் பெயரைப் பதிவு செய்ய முடியாது. 'யாழ் சுவை' வகைப் பெயர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

பெயரைக் கேட்பதற்கு முன் உங்கள் கடையைப் பற்றி அதற்குச் சொல்லுங்கள்: யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு, எதை வாங்கிவிட்டு எதை விட்டுப் போகிறார்கள், பக்கத்துக் கடையில் இல்லாத எது உங்களிடம் இருக்கிறது. பிறகு பத்துப் பெயர் கேளுங்கள். அந்தப் பத்தையும் 'எல்லோரும் வைக்கும் பெயர்கள்' என்று ஒதுக்க வேண்டிய பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, நீங்களே யோசித்த பெயரைக் கொடுத்து, 'இதில் என்ன குறை, இந்தக் கடைக்கு வரமாட்டேன் என்று சொல்பவர் என்ன காரணம் சொல்வார்' என்று கேளுங்கள். ஆமாம் போடும் எந்திரத்தைக் குறை சொல்ல வைக்கும் கேள்வி இதுதான்.

எதிர்க்கடைக்காரர் கையிலும் அதே கைப்பேசி, அதே சாட்பாட் இருக்கிறது. ஒரே கேள்வியை இருவரும் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். மூன்று மணிக்கு வடை கேட்டு வரும் சமையல்காரரைப் பற்றி அதனிடம் சொல்ல உங்களால்தான் முடியும்.