உலாவிக்குள் ஓடும் அந்நியர் நிரல்

சோலோதுர்னில் என் வீட்டு மேசையிலிருந்து பேசுகிறேன். பின்னாலிருக்கும் புத்தக அலுமாரி உங்களுக்கு மங்கலாகத் தெரியும். கூகுள் மீட் போன்ற இணையச் சந்திப்புகளில் அந்த மங்கலை உண்டாக்குவது எங்கோ இருக்கும் கணினி அல்ல, நம் உலாவிக்குள்ளேயே ஓடும் நிரல். 2017இல் முக்கிய உலாவிகள் நான்கிலும் வந்துசேர்ந்த வெப்அசெம்பிளி அதற்கு வேகம் தருகிறது. வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே உலாவியில், யாரோ எழுதிய நிரலை, கணினியில் நிறுவிய மென்பொருளுக்குக் கிட்டிய வேகத்தில் ஓடவிடுகிறோம். அதைச் சுற்றி உலாவி போடும் வேலியை நம்பித்தான்.

2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், வேலியை உடைக்காமலே எட்டிப் பார்க்கலாம் என்று காட்டியது. நான் தாதி, வாட்டை வைத்தே சொல்கிறேன். டொக்டர் எழுதுமுன்பே ஊகித்து ஒரு மருந்தை எடுத்து வருகிறோம் என்று வையுங்கள். ஊகம் பிழைத்தால் அதைக் கொடுக்கமாட்டோம். ஆனால் மருந்து பக்கத்து மேசையிலேயே இருந்துவிடுகிறது. வெளியே நிற்பவர் ஒவ்வொரு மருந்தாகக் கேட்டு, எது சீக்கிரம் வருகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தால் போதும். கோப்பைத் திறக்காமலே நோய் தெரிந்துவிடும். புரொசசரும் வேகத்துக்காக இப்படித்தான் ஊகித்து வேலை செய்கிறது.

ஆகவே உலாவிகள் மணிக்கூட்டில் கை வைத்தன. பயர்பொக்ஸ் அதன் துல்லியத்தை 20 மைக்ரோசெக்கனாக மழுக்கியது. நிரலின் பல பகுதிகள் ஒரே நினைவகத்தைப் பகிர உதவும் ஷெயார்ட் அரே பஃபரும் நிறுத்தப்பட்டது. அதை வைத்தே இன்னொரு மணிக்கூடு செய்துவிடலாம். நேர்மையான நிரல்களுக்கும் அடி விழுந்தது. பிறகு, தம்மைத் தனிமைப்படுத்திக்கொள்ளும் பக்கங்களுக்கு மட்டும் அது திரும்பக் கிடைத்தது. குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியே பிரித்து ஓட்டத் தொடங்கியபோது 10 முதல் 13 வீதம் கூடுதல் நினைவகம் தேவைப்பட்டது. பழைய மடிகணினியோடு ஊரில் இருக்கும் அம்மாவுக்குத்தான் அந்தப் பாரம் தெரியும்.

வேலி ஒழுகாமலே நட்டம் வருவதும் உண்டு. 2018 பெப்ரவரியில், பக்கங்களை வாசித்துக் காட்டும் பிரௌஸ்அலவுட் என்ற கருவிக்குள் யாரோ கொயின்ஹைவ் நிரலைச் செருகினார்கள். பிரிட்டிஷ் சுகாதார சேவையின் தளங்கள் உட்பட 4000க்கு மேற்பட்ட தளங்கள், வந்தவர்களின் கணினிகளைக் கொண்டு மின்நாணயம் தோண்டின. வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காக வைத்த கருவி அது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

2022இல் ஆப்பிள் ஐபோனில் கொண்டுவந்த லொக்டவுன் மோட், நிரலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றி வேகப்படுத்தும் வசதியை நிறுத்திவிடுகிறது. சில பக்கங்கள் மெதுவாகும், சில சரியாகத் தெரியாது. காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி எழுதும் செய்தியாளர் கேட்டால், அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். சமையல் குறிப்பு பார்க்கும் எனக்கு இன்னும் தேவைப்படவில்லை.