தட்டுமுட்டுச் சாமான்களுடன் வீட்டை வாடகைக்கு விடலாமா?

நம் சங்க அங்கத்தினர்களில் சிலர் தறிக்கூடத்தை அடுத்தோ மாடியிலோ ஒரு பகுதியைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கின்றனர். மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் குடியேறும் ஊர்களில் ஒரு கேள்வி எழுகின்றது. வெறும் வீடாக விடுவதா, கட்டில், பீரோ, மேசை, குளிர்பதனப் பெட்டி முதலியன போட்டு விடுவதா? தரகர்கள் பின்னதையே சொல்வர். அவர்களுடைய தரகு வாடகையை ஒட்டியன்றோ அமைகின்றது! நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வெறும் வீட்டிற்கு மாதம் 6,000 ரூபாயும், சாமான்களுடன் 7,500 ரூபாயும் கிடைப்பதாகவும், சாமான்களின் விலை 60,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டொன்றுக்கு அதிகப்படி வரவு 18,000 ரூபாய். பார்வைக்குப் பெருந்தொகைதான். ஆனால் மெத்தை கிழியும். நாற்காலிக் கால் ஆடும். சராசரி 8 ஆண்டு உழைக்குமெனில் தேய்மானம் ஆண்டுக்கு 7,500 ரூபாய். மராமத்துக்கு 2,000 ரூபாய். எஞ்சுவது 8,500 ரூபாய். அதே 60,000 ரூபாயை 7 விழுக்காடு வட்டிக்கு வைப்பாக இட்டிருந்தால் 4,200 ரூபாய் சிரமமின்றி வந்திருக்கும். ஆகவே மெய்யான மிச்சம் 4,300 ரூபாய். 12 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கிச் சாமான் போட்டவருக்கோ மிஞ்சுவது 1,300 ரூபாயே.

இதுவும் வீடு ஒரு மாதங்கூடக் காலியாகாதபோதுதான். சாமான்கள் உள்ள வீட்டை நாடுவோர் பெரும்பாலும் சில மாதங்களுக்கென வருபவர். ஒரு பெட்டியுடன் வந்தவர் ஒரு பெட்டியுடன் புறப்பட்டுவிடுவார். வண்டியில் பீரோவும் அம்மிக்கல்லும் ஏற்றிவந்த குடும்பம் அவ்வாறு எளிதில் பெயராது. ஆண்டில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 7,500 ரூபாய் போயிற்று. முன் சொன்ன மிச்சமும் கரைந்து 3,200 ரூபாய் கைந்நட்டம். கல்லூரியோ பெரிய மருத்துவமனையோ அருகிலிருந்து ஆள்வரத்து ஓயாத இடமாயின் கணக்கு மாறும். சாமான்கள் முன்பே வீட்டில் இருந்து, அவற்றை விற்றாலும் விலை போகாதெனில் அப்போதும் மாறும். புதிதாக வாங்கிப் போடுவதை நாம் ஆதரிக்கவில்லை.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டுக்காரர் கொடுத்த சாமான்களையும் கட்டடத்தின் பகுதியாகவே கருதிற்று. அதற்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. சாமான்கள் விலையுயர்ந்தவை என்று பத்து மாத முன்பணம் கேட்க இயலாது என்பதைக் கவனிக்க வேண்டும். 60,000 ரூபாய்ப் பொருளுக்கு நம் கையில் உள்ள ஈடு 22,500 ரூபாயே. வெள்ளையடித்தல் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுதல் குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணை பிரித்துள்ளது. கட்டில் பீரோவின் பழுதை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

சாமான் ஜாபிதா இன்றிச் சாவியைக் கொடுக்கலாகாது. "கட்டில் 1" என்றெழுதினால் போதாது. தேக்கோ இரும்போ, எந்தக் காலில் கீறல், பீரோவுக்குச் சாவி எத்தனை என்பன வரை எழுதி, இரு பிரதிகளில் இருவரும் கையொப்பமிட வேண்டும். கைப்பேசியில் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளலாம்.

தறியோடு வீடு கேட்டு வரும் நெசவாளர் குடும்பங்களும் உண்டு. இதில் நம் எண்ணம் வேறு. ஓடாத குழித்தறியில் ஈரம் ஏறும், மரத்தைக் கரையான் அரிக்கும். ஆள் அமர்ந்து நெய்தால் அது காக்கப்படும். ஆயினும் தறிக்கு வேறு ரசீது, வீட்டிற்கு வேறு ரசீது போடுதல் நல்லது. அச்சும் விழுதும் தேய்ந்தால் யார் மாற்றுவது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். வருபவர் சங்கத்தில் அங்கத்தினராகி, நூலைத் தம் பெயரிலேயே பெற வேண்டும். நம் பெயரில் நூல் வாங்கி அவருக்குக் கொடுத்தால், பாவுக் கணக்கில் குறைவு நேரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நாமே.