தொண்டுப் பயணமும் திரட்டிய பணமும்

வெளிநாட்டுத் தன்னார்வத் தொண்டுப் பயணம் என்பது, வேற்று நாட்டின் பள்ளியிலோ மருத்துவமனையிலோ சுற்றுச்சூழல் பணியிலோ ஊதியம் பெறாமல் சில வாரங்கள் உழைப்பதற்காக மாணவர் மேற்கொள்ளும் பயணமாகும். உழைப்பு இலவசமே தவிர பயணம் இலவசமன்று. விமானக் கட்டணம், விசா, காப்பீடு, தங்குமிடம், ஏற்பாட்டாளர் கேட்கும் பங்கேற்புக் கட்டணம் என்று செலவு இலட்சங்களைத் தொடும். பட்டாசு ஆலையிலோ அச்சகத்திலோ கூலி வாங்கும் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த சிவகாசி மாணவர் அத்தொகையை ஊராரிடம் திரட்டித்தான் ஆகவேண்டும். இத்தகைய பயணங்களைப் பற்றிய எச்சரிக்கைகள் பெரும்பாலும் விமானம் ஏறிய பின் நேரும் ஆபத்துகளையே பேசுகின்றன. சட்டச் சிக்கலோ பல வேளைகளில் பணம் திரட்டும் கட்டத்திலேயே, சொந்த ஊரிலேயே தொடங்கிவிடுகிறது.

பொதுக் காரியத்துக்குப் பணம் சேர்ப்பது விருதுநகர் வட்டாரத்துக்குப் புதிதன்று. வணிகத்தின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமை என்னும் பங்களிப்பும், சோறாக்க அரிசி எடுக்கும்போது பெண்கள் ஒரு பிடியைத் தனியே கலயத்தில் எடுத்துவைத்த பிடியரிசித் திட்டமும், காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கி நின்றவை. அங்கே சேர்ந்த பணம் தனி ஒருவருடையதாக இருக்கவில்லை. நிறுவனத்தின் பெயரில் சேர்ந்து, நிறுவனத்தின் கணக்கில் வந்தது. இன்றைய மாணவர் குழுக்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். குழுவில் ஒருவரின் சேமிப்புக் கணக்கும் அவருடைய கியூஆர் குறியீடும் போதும் என்று தொடங்கிவிடுகிறார்கள்.

இதில் முதலில் எதிர்ப்படுவது வருமான வரி. உறவினர் அல்லாதோரிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் பெறும் அன்பளிப்புகள் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்றி முழுத்தொகையும் அவருடைய வருமானமாகக் கொள்ளப்படும். மாணவரின் மொத்த வருமானம் குறைவாக இருந்து வரி கட்ட வேண்டிய நிலை வராமல் போகலாம். ஆனாலும் பத்துப் பேருக்கான நிதி ஒருவர் கணக்கில் குவிந்திருந்தால், அது யாருடைய பணம் என்று கேட்கப்படும்போது கணக்கு வைத்திருப்பவரே பதில் சொல்ல நேரும். கொடுத்தவருக்கும் இதில் பயன் இல்லை. 80ஜி என்று அறியப்படும் வரிச்சலுகை, அதற்கெனப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடைக்கே உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. ஆகவே கல்லூரியோ பதிவு பெற்ற அமைப்போ பொறுப்பேற்று, தனிக் கணக்கு தொடங்கி, வரிசை எண்ணும் அடிக்கட்டையும் உள்ள ரசீதில் நோக்கம், பயணம் நின்றால் பணம் என்னாகும் என்னும் இரண்டையும் அச்சிட்டுக் கொடுப்பதே பாதுகாப்பு. ரசீதுப் புத்தகம் அடிக்க சிவகாசியில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. அதை அடிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்குத்தான் பஞ்சம்.

தொழிலதிபர்களிடம் கேட்கும்போது 'சிஎஸ்ஆர் நிதியில் தாருங்கள்' என்று விண்ணப்பிக்கும் வழக்கம் பரவியுள்ளது. சிஎஸ்ஆர் என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகளுக்கு விதித்த சமூகப் பொறுப்புச் செலவாகும். கூட்டு வணிக நிறுவனங்களாக நடக்கும் ஆலைகளுக்கு இக்கடமையே இல்லை. கடமை உள்ள கம்பெனியும், பன்னாட்டுப் போட்டிகளுக்கான விளையாட்டு வீரர் பயிற்சி நீங்கலாக, இந்தியாவுக்கு வெளியே நடக்கும் பணியை இக்கணக்கில் காட்ட முடியாது. தனிப்பட்ட நன்கொடையாகக் கேட்பதே நேர்மையான வழி.

நன்கொடை போதாதபோது இவ்வட்டாரத்தில் எவருக்கும் உடனே தோன்றுவது பட்டாசு விற்பனை. சென்னையிலும் கோவையிலும் உள்ள நண்பர்களிடம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து, தெரிந்த ஆலையில் கிப்ட் பாக்ஸ் வாங்கி அனுப்பிவிட்டால் இலாபம் பயணத்துக்கு ஆகும் என்பது கணக்கு. கணக்கு சரியாக இருக்கலாம். சட்டம் இடம் கொடுக்காது. வெடிபொருள் விதிகளின்படி உரிமம் இல்லாதவர் பட்டாசு விற்கக் கூடாது. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் உரிமமற்ற விற்பனைக்கும் போக்குவரத்துக்கும் இரண்டு ஆண்டுகள் வரை சிறை விதிக்க இடமுண்டு. 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்சநீதிமன்றம், உரிமம் பெற்ற வணிகரே பட்டாசு விற்கலாம் என்றும் இணைய வணிகத் தளங்கள் ஆர்டர் ஏற்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. ஊருக்குப் போகும் மாணவர் கையோடு இரண்டு பெட்டியை இரயிலில் எடுத்துச் செல்வது இன்னும் மோசமானது. 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்படி அபாயகரமான பொருளை அவ்வாறு கொண்டுசெல்வது மூன்று ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். இதில் தண்டனையை விடப் பெரியது உயிராபத்து என்பதைப் பட்டாசு ஆலை விபத்துகளை ஆண்டுதோறும் காணும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசை விட்டுவிட்டு, நாட்காட்டி, நாட்குறிப்பு, நோட்டுப் புத்தகம் விற்றுத் திரட்டலாம். அதற்கு வெடிபொருள் உரிமம் தேவையில்லை.

அதே அச்சகத்தில் குலுக்கல் சீட்டு அடித்து, ஐம்பது ரூபாய்ச் சீட்டுக்கு முதல் பரிசு இருசக்கர வாகனம் என்று விற்பது வேறு கதை. தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை உள்ளது. தனியார் குலுக்கல் நடத்துவதும் அதை விளம்பரப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் சட்டத்தின் 297ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். பொருள் வாங்குவோருக்குக் குலுக்கலில் பரிசு என்று பெயரை மாற்றினாலும், அதைத் தடுக்கவே 1979ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. நோக்கம் தொண்டு என்பது இங்கே விலக்கு ஆகாது.

வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர் பணம் அனுப்பினால் அவருடைய கடவுச்சீட்டைப் பார்க்க வேண்டும். இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் குழுவின் பணிக்காக அனுப்புவதோ 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்காற்றுச் சட்டத்துக்குள் வரும், அதைப் பெறப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

திரட்டிய பணம் போய்ச் சேரும் இடமும் ஆராயத்தக்கது. ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம் பணி தருவதற்காகக் கட்டணம் கேட்பதில்லை, களப் பணியாளருக்கு வாழ்க்கைப்படியும் தருகிறது. அதன் பெயரைச் சொல்லி முன்பணம் கேட்பவர் மோசடிக்காரர். அனாதை இல்லங்களில் இரண்டு வாரத் தொண்டு என்று விற்கப்படும் பயணங்களைத் தவிர்ப்பது நல்லது. கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் அத்தகைய இல்லங்களில் உள்ள பல குழந்தைகளுக்குப் பெற்றோர் இருப்பதும், தன்னார்வலர் தரும் பணமே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கத் தூண்டுவதும் வெளிப்பட்டுள்ளன. சுற்றுலா விசாவில் தொண்டு செய்யலாம் என்ற வாக்குறுதியையும் நம்பக் கூடாது. பிரிட்டன் பார்வையாளர் விசாவில் பதிவு பெற்ற அறநிறுவனத்தில் 30 நாள் வரைதான் அனுமதிக்கிறது. தாய்லாந்தில் ஊதியமற்ற தொண்டுக்கும் பணி அனுமதி தேவை. அந்தத் தாய்லாந்துக்கு வேலை என்று அழைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவதிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டதை மறந்துவிட இயலாது.

ஏமாற்றப்பட்டவர் செய்ய வேண்டியவற்றில் விரைவே முதன்மையானது. இணையவழியில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன்னரே அதை முடக்க வழியுண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு பயணத்தை நடத்தாத நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியிலோ மும்பையிலோ இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையிடுபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்கிட அனுமதிப்பதால், திருவில்லிபுத்தூரில் இயங்கும் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தர வேண்டும். திரட்டிய பணத்தைக் குழுவினரே கையாடியிருந்தால் அது நம்பிக்கை மோசடி. காவல்துறையில் புகார் தரலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானத்தைப் பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.