புற்றுநோய்: வயது 75, தெம்பு எவ்வளவு?
நாற்காலியிலிருந்து எழ வேண்டும். மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். டாக்டர் கையில் கடிகாரம் மட்டுமே. ஸ்கேனும் பயாப்ஸியும் சொல்லாத ஒன்றை இந்தச் சில விநாடிகள் காட்டிக்கொடுத்துவிடும்: சிகிச்சையை இந்த உடம்பு தாங்குமா?

புற்றுநோய் வந்த முதியவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது வயதைத்தான். அது பாதிக் கேள்வி. 78 வயதில் தினமும் மார்க்கெட்டுக்கு நடப்பவர் உண்டு. 66 வயதில் நாலு படி ஏறியதும் உட்கார்ந்துவிடுபவரும் உண்டு. பெரும்பாலும் ஆபத்து அதிகம் இரண்டாமவருக்கே. டாக்டர்கள் இதை 'ஃபிரெய்ல்டி' என்கிறார்கள். 'நலிவு' என்பது கலைச்சொல். வீட்டில் 'ஆள் தளர்ந்துபோனார்' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். 2001-ல் அமெரிக்க டாக்டர் லிண்டா ஃபிரைடும் சகாக்களும் ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: காரணமில்லாத எடைக்குறைவு, ஓயாத அசதி, வலுவற்ற கைப்பிடி, மெதுவான நடை, குறைந்த நடமாட்டம். மூன்று இருந்தால் நலிவு.

இப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கதை திசைமாறுகிறது. ஆபரேஷன் கச்சிதமாக முடிந்திருக்கும். மூன்றாம் நாள் இரவு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பிதற்றுவார். படுத்தே கிடப்பதால் தொடைத் தசை கரையும். நெஞ்சில் சளி தேங்கி நிமோனியா. டிஸ்சார்ஜ் தள்ளிப்போகும், பில் ஏறும். நடந்து வந்தவர் சக்கர நாற்காலியில் வீடு திரும்புவார். சிலர் திரும்புவதே இல்லை.

முன்கூட்டியே தெரிந்திருந்தால்? ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சுப்ரியா மோஹிலே தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2021-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. முற்றிய புற்றுநோயுடன் 70 வயதைத் தாண்டிய 718 பேர். ஒரு பிரிவினரின் டாக்டர்களுக்கு மட்டும் நோயாளியின் நடை, ஞாபகம், மாத்திரைகள், வீட்டுத்துணை பற்றிய விவரமும் ஆலோசனையும் தரப்பட்டன. அவர்களில் 51 சதவீதத்தினருக்குக் கடும் பக்கவிளைவு, மற்றவர்களில் 71. பல டாக்டர்கள் மருந்தின் அளவைக் குறைத்தே தொடங்கினார்கள். ஆயினும் ஆறு மாத முடிவில் உயிர்வாழ்வோர் கணக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2018-ல் முதிய புற்றுநோயாளிகளுக்கென்றே தனி கிளினிக் தொடங்கியது. நலிவு என்றாலே சிகிச்சை கிடையாது என்று அர்த்தமில்லை. புரதச் சாப்பாடு, பிசியோதெரபி, தேவையற்ற மாத்திரைகளை நிறுத்துவது என்று சில வாரங்களில் ஓரளவு தேற்றலாம். புற்றுநோயே தளர்த்தியிருந்தால் கீமோதெரபியாலேயே தெம்பு திரும்புவதும் உண்டு.

நெரிசலான ஓ.பி.யில் இதற்கெல்லாம் டாக்டருக்கு ஏது நேரம்? அப்பா ஆறு மாதத்தில் எத்தனை கிலோ இளைத்தார், எத்தனை முறை விழுந்தார் என்று கேட்காமலே சொல்லிவிடுவது குடும்பத்தார் கையில் இருக்கிறது.