உருளைக்கிழங்குக்கு அரசு மானியம்: வணிகர்கள் அறிய வேண்டியவை

உருளைக்கிழங்கு அமோகமாக விளைந்தால் விவசாயிக்கு விலை கிடைப்பதில்லை; வரத்துக் குறைந்தால் நம் கடைக்கு வரும் மூட்டையின் விலை ஏறிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கவே மத்திய அரசு 2018-19 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய் ஒதுக்கி 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டத்தை அறிவித்தது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றும் இதில் அடங்கின.

விலை சரியும்போது, அதிகம் விளையும் இடத்திலிருந்து விற்பனையாகும் ஊருக்குச் சரக்கை அனுப்பும் லாரி வாடகையில் பாதியும், 3 மாதம் வரை கிடங்கு வாடகையில் பாதியும் மானியமாகத் தரப்பட்டன. 2020 ஜூனில் மற்றக் காய்கனிகளுக்கும் 6 மாதத்துக்கு இது நீட்டிக்கப்பட்டது. அப்போது தகுதியுடையோர் பட்டியலில் லைசென்ஸ் பெற்ற கமிஷன் ஏஜெண்டுகளும் சில்லறை வணிகர்களும் இருந்தனர்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, செலவு செய்த பிறகே கணக்குக் காட்டி மானியம் கேட்க வேண்டியிருந்தது. துண்டுச் சீட்டில் சரக்கு எடுப்பவர் எதைக் காட்டுவார்? இரண்டு, குறைந்தபட்ச அளவு. ஓரிரு லோடு எடுக்கும் சிறு வியாபாரி தனியாக அதை எட்ட முடியாது.

ஆகவே இத்தகைய திட்டங்களில், சிறு வணிகர்கள் கூட்டாக எடுக்கும் சரக்கையும் ஒரே கணக்காக ஏற்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறோம். நம் பங்குக்கு, கொள்முதல் பில், லாரி ரசீது, கிடங்கு ரசீது மூன்றையும் தவறாமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவோம்.