நகரத்தின் வரைபடத்தில் நம்ம வாய்க்காலும் இருக்கணும்

2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதுவரை கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க விழுப்புரம் போய் வந்தால் அன்றைய வேலை போச்சு. இப்போது பக்கத்திலேயே முடிகிறது, சந்தோஷம்தான். ஆனால் மாவட்டத் தலைநகர் என்ற பெயர் தனியாக வருவதில்லை. 2011 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டிய ஊர் இது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. வீரசோழபுரத்தில் கலெக்டர் அலுவலக வளாகம் என்றார்கள். சின்னசேலத்திலிருந்து ரயில் பாதை, உளுந்தூர்பேட்டை பக்கம் காலணித் தொழிற்சாலை என்று வரிசையாக அறிவிப்புகள். ஒவ்வொரு அறிவிப்பு வந்ததும் அந்தப் பக்கத்து நஞ்சையில் நாலு பேர் வெள்ளைச் சட்டையோடு வரப்பில் நிற்கிறார்கள். "ஏன் சார், உங்களுக்குத் தெரியாததா, ஏக்கர் கணக்குல வித்தா நஷ்டம், சதுர அடி கணக்குல பேசலாம்" என்று என்னிடமே பேசிப் பார்த்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் மனு பார்த்தவன் என்பதால் அந்தக் கணக்கு எனக்குப் புரியும். அதில் விட்டுப்போவது எது என்பதும் புரியும்.

விட்டுப்போவது தண்ணீர்.

ஒரு ஏரிக்கு நூறு ஏக்கர் ஆயக்கட்டு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பத்து ஏக்கர் மனையாகிறது. மீதி தொண்ணூறுக்குத் தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும்தானே என்று தோன்றும். நடப்பது தலைகீழ். மனை போடுகிறவர் முதலில் செம்மண் அடித்து மூன்றடி உயர்த்துவார். அந்தப் பத்து ஏக்கர் வழியாகப் போன கிளை வாய்க்கால் அதோடு மூடும். கீழே இருக்கும் முப்பது ஏக்கருக்கு மதகுத் தண்ணீர் போகாது. மழைக்காலத்தில் மேட்டில் தேங்கிய தண்ணீர் வடிய வழியில்லாமல் பக்கத்து நெல்லில் நிற்கும். வாய்க்கால் தூர் வார ஆள் கூப்பிட்டால், மனை வாங்கியவர் சென்னையில் இருப்பார். ரெண்டு வருஷத்தில் அந்த முப்பது ஏக்கர்காரரும் "விளையலை" என்று விற்பார். மனசு மாறி விற்றதாக ஊர் சொல்லும். கழுத்தைப் பிடித்துத் தள்ளியது வாய்க்கால் அடைப்பு. இதில் வேடிக்கை, நிலத்தின் மதிப்பு அந்த ரெண்டு வருஷமும் ஏறிக்கொண்டே இருக்கும். வங்கிக்கு அது நல்ல அடமானம், சொந்தக்காரருக்கு நெல் வராத நிலம்.

இதைத் தடுக்க ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. ஒரு நகரம் இனி எந்தப் பக்கம், எப்படி வளரலாம் என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் ஆவணத்துக்கு முழுமைத் திட்டம் என்று பெயர். ஆபீசில் மாஸ்டர் பிளான் என்பார்கள். நகராட்சி எல்லையோடு அது நிற்காது, சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பா, வணிகமா, தொழிற்சாலையா, விவசாயமா என்று வண்ணம் பூசிக் காட்டுவார்கள். பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் இடம் ஒதுக்குவார்கள். விவசாயத்துக்கும் நிலம் ஒதுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. இந்த வரி பலருக்குத் தெரியாது. நகரத் திட்டம் என்றால் கட்டடம் கட்டுகிறவர்கள் விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம்.

வரைவுத் திட்டம் தயாரானதும் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வரவேண்டும். ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் கொடுக்கக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தரவேண்டும். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், பட்டா இல்லாத குத்தகைதாரரும் கொடுக்கலாம். அறுப்பு நேரத்தில் அறிவிப்பு வந்தால் அந்த ரெண்டு மாதம் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். அதனால் அறிவிப்புக்கு முன்பே நம்ம காகிதம் தயாராக இருக்கணும்.

என்ன காகிதம்? கிராம வரைபடம், அ-பதிவேடு, புலப்படம், இந்த மூன்றும் போதும். ஏரி, குளம், ஓடை, வரத்து வாய்க்கால் ஆகியவற்றுக்கு அ-பதிவேட்டில் தனி சர்வே எண் இருக்கும், புறம்போக்கு என்று இருக்கும். அதை ஆக்கிரமித்தால் அகற்ற 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். கிளை வாய்க்கால்கள் பல பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும், தனி எண் கிடையாது. நாலு தலைமுறையாக யாரும் மறித்ததில்லை என்பதுதான் அதற்குள்ள ஒரே ஆதாரம். காணாமல் போவதும் முதலில் அதுதான். ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நடந்து, எந்த மடையிலிருந்து எந்த வயலுக்குப் போகிறது என்று சிவப்பு மையில் கோடு போட்டு வையுங்கள். நீர்க்கட்டி என்று ஒருவர் இருக்கும் ஊராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் கிராமங்களுக்கும் வழியுண்டு. விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும்போது வேளாண் இணை இயக்குநரின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது விதி. அங்கேயும் ஒரு மனு போகலாம்.

விற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்குப் படிப்பு, எல்லார் வீட்டிலும் உண்டு. புனே பக்கத்தில் மகர்பட்டா என்ற இடத்தில் சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நகரம் தங்களை விழுங்கப்போகிறது என்று தெரிந்ததும், நானூறு ஏக்கருக்கு மேல் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து ஒரு கம்பெனி ஆரம்பித்து, அவரவர் நிலத்துக்கு ஏற்பப் பங்கு எடுத்துக்கொண்டு, நகரத்தைத் தாங்களே கட்டினார்கள். தனித்தனியாக விற்றிருந்தால் லாபம் இடைத்தரகருக்குப் போயிருக்கும். கணக்குப்படி அருமை. ஆனால் அந்த நிலத்தில் இன்று விவசாயம் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்கணும். நமக்கு அதிலிருந்து எடுக்க வேண்டியது கூடிப் பேசும் முறையை மட்டும்.

குப்பை விஷயத்தில் நகரமும் நாமும் பங்காளிகள் ஆகலாம். தோராயமாக ஆளுக்கு 300 கிராம் என்று போட்டால் ஐம்பதாயிரம் பேருக்குத் தினம் 15 டன். அதில் பாதி மக்கும். மக்கினால் நாலில் ஒரு பங்காவது மிஞ்சும், அதாவது தினம் ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எரு. வீட்டிலேயே பிரித்து வாங்கினால்தான் இது எரு. பேட்டரியும் பல்பும் கலந்து அரைத்துக் கொடுத்தால் கன உலோகம் மண்ணில் ஏறும், அதை வயலில் விடாதீர்கள். இயற்கைச் சான்று வைத்திருப்பவர்கள் நகராட்சி எரு போடுவதற்கு முன்பு சான்று தரும் அமைப்பிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளவும்.

கடைசியாக மலை. நகரத்தை ஒட்டி ஓடும் கோமுகி கல்வராயன் மலையில் பிறக்கிறது. கச்சிராயபாளையம் பக்கத்தில் 46 அடி அணையில் நின்று, வயல்களுக்குப் பாய்ந்து, மணிமுக்தாவோடு சேர்ந்து வெள்ளாற்றுக்குப் போகிறது. மேலே காடும் சாமை வயலும் இருந்தால் மழைத் தண்ணீர் ஊறி மெதுவாக இறங்கும். சரிவை உழுது மரவள்ளியும் மக்காச்சோளமும் மட்டும் போட்டால் மண்ணோடு இறங்கி அணையில் வண்டலாகும். மலை மக்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் அறுபது பேருக்கு மேல் செத்த பிறகுதான் அந்த மக்களின் ரோடு, ஆஸ்பத்திரி, பிழைப்பு பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. சாமைக்கும் தினைக்கும் கடுக்காய்க்கும் நகரத்தில் நியாயமான விலையில் விற்க இடம் இருந்தால் சரிவில் மரவள்ளி குறையும். கள்ளக்குறிச்சி உழவர் சந்தையில் வெள்ளிமலைக்காரர்களுக்கு நிரந்தரமாக நாலு கடை, விடியற்காலையில் இறங்க ஒரு பஸ். இதையும் நகரத் திட்டத்துக்கான ஆலோசனையாக எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊர் நீர்வழிகளின் சர்வே எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எண்களோடு தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கலெக்டர் அலுவலகத்திலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் கொடுத்து, தேதியோடு சீல் வைத்த ஒப்புகை வாங்காமல் திரும்ப வேண்டாம்.