தோழிகள் வரும் நாளில் புத்தகம் கைகொடுக்குமா?



மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது, சமையல் புத்தகக் கடைகளில்தான் நம் பெண்கள் கூட்டம் அதிகம். அதிலும் ‘விருந்துச் சமையல்’ என்று அட்டையில் போட்டிருந்தால் கை தானாகப் போகும். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். விலையைப் பார்த்தால் ஒரு வாரக் காய்கறிச் செலவு! வாங்கலாமா, வேண்டாமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரரின் நண்பர்கள் வந்தால் நாம் சமைத்துப் பரிமாறுகிறோம். அவர்கள் பேசிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். நம்மோடு படித்த தோழிகள் வந்தாலும் அதே கதைதான். “ஏண்டி, உன்னையப் பாக்கத்தானே வந்தோம், நீ அடுப்படிய விட்டு வரவே மாட்டேங்குறியே” என்று என் தோழிகள் அலுத்துக்கொள்வார்கள். இந்த வேலைக்குப் பயந்தே தோழிகளைக் கூப்பிடாமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இது என்னை அவர்களோடு உட்கார வைக்குமா?

முதலில், எதை முதல் நாளே செய்து வைக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். புளிக்காய்ச்சலை முந்தின நாளே கிண்டி வைக்கலாம். மட்டன் குழம்பைக் காலையிலேயே வைத்துவிட்டால் மதியம் இன்னும் ருசிக்கும். உளுந்த வடை அப்படியல்ல. சுடச்சுடப் போட்டால்தான் வடை. வடை, பூரி, பஜ்ஜி மூன்றையும் ஒரே விருந்துப் பட்டியலில் போட்டிருக்கும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். அதை எழுதியவர் நம்மை வாணலி முன்னாலேயே நிறுத்தப் பார்க்கிறார்!

அடுத்தது அளவு. ‘ஒரு கப்’ என்றால் எத்தனை மில்லி, அது எத்தனை பேருக்கு வரும் என்று சொல்லியிருக்க வேண்டும். பாத்திரக் கணக்கும் முக்கியம். அரிசி, பருப்பு வேகும்போது பொங்குவதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. 5 லிட்டர் குக்கரில் நேரடியாகச் சோறு வைத்தால் 200 மில்லி டம்ளரால் 4 டம்ளர் அரிசி, 8 டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். அது 12 பேருக்குக் காணாது. ‘அளவை மூன்று மடங்காக்கிக் கொள்ளவும்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அன்றைக்கு அல்லாடப் போவது நாம்தானே?

மூன்றாவதாக, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பதார்த்தத்தின் பக்கத்தைத் திருப்புவேன். ரசம் வைப்பதையே சரியாக எழுதாதவர், தெரியாத பதார்த்தத்தை மட்டும் சரியாகவா எழுதியிருக்கப் போகிறார்? கண்ணாடித் தாள் சுற்றியிருந்தால், “தம்பி, ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்க” என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். காசு நம்முடையது.

‘அப்போ சமைத்துப் பார் வாங்கலாமா?’ என்று கேட்பீர்கள். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-ல் வெளிவந்த அந்தப் புத்தகம், பல வீடுகளில் மகளுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அந்த அம்மா, தன் கைப்பக்குவத்தையே புத்தகமாக்கினார். பழைய பதிப்பு உங்கள் வீட்டில் இருந்தால் ஆழாக்கு, பலம் என்று பார்த்து மிரள வேண்டாம். ஒரு ஆழாக்கு சுமார் 168 மில்லி. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் சுமார் 35 கிராம். புதுசாகக் குடித்தனம் வைக்கும் பெண்ணுக்கு அது நல்ல துணை. ஆனால் முழுக்கச் சைவம். நம்ம ஊர்க் கோலா உருண்டையும் சுக்காவும் அயிரை மீன் குழம்பும் அதில் கிடைக்காது. அதோடு, அது சமைக்கக் கற்றுக்கொடுக்கும் புத்தகம். விருந்து நாளில் எது முன்னே, எது பின்னே என்ற கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கணக்கைச் சொல்லித் தரும் புத்தகம் கிடைத்தால் விலை கூடுதலானாலும் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் காசில் மட்டன் எடுங்கள், ஒரு நோட்டும் வாங்குங்கள். விருந்து முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு அரிசி போட்டோம், எது மிஞ்சியது, எது போதவில்லை என்று நாலு வரி எழுதி வையுங்கள். நாலு விருந்து முடிந்தால், உங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கும் உங்கள் தோழிகளின் வாய்க்கும் ஏற்ற புத்தகம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

பதார்த்தம் ஒன்று குறைந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. தோழிகளோடு நாமும் இலை போட்டு உட்கார வேண்டும். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, மதுரை.